சுப்பையா முறை

யுகேந்திரனின் இடது பாதத்தின் மேல் ஃபோர்க்லிஃப்ட் ஏறி இறங்கியபோது திங்கட்கிழமை காலை மணி ஒன்பதே கால். நாலரை மாதத்துக்கு முன் சுப்பையாவின் இடது பாதத்தின் மேல் ஏறி இறங்கியதும் இதே வண்டிதான். இடையில் தொழிற்சாலை நிர்வாகம் சும்மா இருந்துவிடவில்லை. வண்டிக்குப் புதிதாக மஞ்சள் சாயம் அடித்து, 'பாதுகாப்பே நம் மூச்சு' என்று மலாயில் ஓர் ஒட்டுத்தாளும் ஒட்டியிருந்தது. பிரேக்கை மட்டும் தொடவில்லை. அது வேறு பிரிவின் வேலை.

பாயான் பாருவை ஒட்டிய அந்தத் தொழிற்பேட்டையில் வேலையில் அடிபட்டவர்கள் நேராக மருத்துவமனைக்குப் போக முடியாது. முதலில் கம்பெனி கிளினிக்குக்குப் போக வேண்டும். அங்கே டாக்டர் ஹைக்கல் இருப்பார். சின்ன வயது, நல்ல மனிதர். நல்ல மனிதர் என்பதால் நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேச அவருக்குக் கூச்சம். கணினித் திரையைப் பார்த்தே பேசுவார்.

அவர் பாதத்தைப் பார்த்தார். அது வீங்கி நிறம் மாறத் தொடங்கியிருந்தது. பிறகு திரையைப் பார்த்தார். அவர் பேசியது மலாய். தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"கவலை வேண்டாம். இதற்கென்று ஒரு முறை இருக்கிறது. வடக்கு வட்டாரத்திலேயே அதிகத் திருப்தி பெற்ற முறை. சுப்பையா முறை."

யுகேந்திரனுக்கு வலியில் காது அடைத்துவிட்டதோ என்று சந்தேகம் வந்தது. "எந்தச் சுப்பையா?" என்று கேட்டான்.

"உங்கள் தொழிற்சாலைக்காரர்தான். இதே இடது பாதம். வலி மாத்திரை மூன்று வேளை, மஞ்சள் மருந்து இரண்டு வேளை, காலுக்குக் கீழே இரண்டு தலையணை. பன்னிரண்டாம் நாள் திரும்ப வரச் சொன்னோம். அவர் வரவில்லை. குணமாகாதவர்கள்தான் திரும்பி வருவார்கள்."

"டாக்டர், அவர் பன்னிரண்டாம் நாள் செத்துப் போனார். சவப்பெட்டியைத் தூக்கின ஆறு பேரில் நானும் ஒருத்தன்."

டாக்டர் ஹைக்கல் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எனக்குத் தெரியும். திரைக்குத் தெரியாது," என்றார். "பதினாறு வாரமாக ஒவ்வொரு வாரமும் திருப்தி வாரியம் அவரிடம் கருத்துக் கேட்கிறது. பதினாறு வாரமும் 'மிகத் திருப்தி' என்று பதில் வந்திருக்கிறது. இவ்வளவு திருப்தி தந்த ஒரு முறையை விட்டுவிட்டு உங்களை மருத்துவமனைக்கு அனுப்ப நான் யார்?"

மாத்திரை, மஞ்சள் மருந்து, இரண்டு தலையணைக்கான சீட்டு, பன்னிரண்டு நாள் மருத்துவ விடுப்புக்கு எம்.சி. எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார்கள். கூடவே வாரியத்தின் காகிதம் ஒன்று. வேறு இடத்தில் சிகிச்சை பெறுபவர் இந்தச் சிகிச்சையை விட்டு விலகியவர் ஆவார். சிகிச்சையை விட்டு விலகியவர் வேலையை விட்டு விலகியவர் ஆவார் என்று அதில் மூன்று மொழிகளில் அச்சிட்டிருந்தது. மூன்றிலும் அர்த்தம் ஒன்றாகவே இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். அந்த வாரியத்தின் வேறு எந்தத் தாளிலும் அப்படி அமைந்ததில்லை.

யுகேந்திரனுக்கு முப்பத்து நாலு வயது. கடலுக்கு அக்கரையில் உள்ள தாசேக் கெலுகோரில் இருந்து இந்தத் தீவுக்கு வந்து ஒன்பது வருடம் இந்த ஒரே தொழிற்சாலையில் வேலை. விதிகளை மதிக்கிறவன். இரண்டு தலையணையை வைத்துக் காலை அதன் மேல் போட்டுக்கொண்டு படுத்தான். விட்டத்தைப் பார்த்து நாள் எண்ணத் தொடங்கினான். அவனுக்குப் பயமாக இருந்தது.

*

திருப்தி வாரியத்தைப் பற்றி இங்கே நாலு வார்த்தை சொல்லியாக வேண்டும். அதன் முழுப் பெயர் காயமுற்ற தொழிலாளர் சிகிச்சைத் திருப்தி வாரியம். காயத்தைக் குணப்படுத்துவது அதன் வேலை அல்ல. அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். அல்லது இருக்க வேண்டும். குணமானதாகக் காயமுற்றவர் எவ்வளவு தூரம் நினைக்கிறார் என்று அளப்பதே வாரியத்தின் வேலை. வாரியம் தொடங்கிய வருடம் திருப்தி ஐம்பத்தொரு விழுக்காடு. இப்போது தொண்ணூற்றாறு. நடுவில் மருந்து மாறவில்லை, டாக்டர் மாறவில்லை, தொழிற்சாலைகளும் மாறவில்லை. அளக்கிற விதம் மட்டும் மெருகேறியது.

நாலாம் நாள், வியாழக்கிழமை. யுகேந்திரனின் கால்விரல்கள் கறுக்கத் தொடங்கியிருந்தன. அவன் தாங்குகட்டையை ஊன்றிக்கொண்டு லிஃப்டில் நாலு மாடி இறங்கினான். அதே அடுக்குமாடியின் மூன்றாம் மாடியில்தான் சுப்பையாவின் மனைவி நல்லம்மாள் இருந்தாள். பள்ளிக்கூட கேண்டீனில் சமையல் வேலை. வியாழக்கிழமைகளில் மட்டும் பத்தரைக்கு அனுமதி கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து, பன்னிரண்டுக்குத் திரும்பிப் போவாள். ஏன் என்று கேண்டீனில் யாருக்கும் தெரியாது. விரதம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும்," என்றான் யுகேந்திரன். "கிளினிக்ல எனக்குக் குடுக்குற வைத்தியத்துக்கு அண்ணன் பேர வெச்சிருக்காங்க. சுப்பையா முறைன்னு."

நல்லம்மாளின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. அதைப் பார்க்க அவனுக்குக் கஷ்டமாக இருந்தது.

"அவர் பேரையா?"

"ஆமாக்கா. அவருக்கு வைத்தியம் ரொம்பத் திருப்தியாம். வாரா வாரம் சொல்றாராம்."

அவள் பதில் சொல்வதற்குள் மணி பதினொன்று ஆகிவிட்டது. சுவரில் மாட்டியிருந்த சுப்பையாவின் படத்துக்குக் கீழே சின்னப் பலகை. அதில் விளக்கு, சந்தனக் கிண்ணம், அவருடைய பழைய கைப்பேசி. கைப்பேசியின் சார்ஜர் வயர் விளக்கைச் சுற்றிக்கொண்டு போயிருந்தது. அது ஒலித்தது. நல்லம்மாள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு அதை எடுத்துக் காதில் வைத்தாள். ஒலிபெருக்கியையும் அழுத்தினாள்.

"வணக்கம், திரு," என்றது பதிவு செய்யப்பட்ட ஒரு பெண் குரல். அங்கே ஒரு சின்ன இடைவெளி. பிறகு கீழ்க்கட்டையில் வேறொரு குரல், ஆண் குரல், "சுப்பையா" என்றது. மறுபடி பெண் குரல். "அவர்களே. உங்களுக்கு அளிக்கப்பட்ட சிகிச்சையில் உங்களுக்கு எவ்வளவு திருப்தி? மிகத் திருப்தி எனில் ஒன்றை அழுத்தவும்." இப்படியே போய், திருப்தியே இல்லை எனில் ஐந்தை அழுத்தவும் என்று முடிந்தது. பிறகு நீளமான ஓர் அமைதி. நல்லம்மாள் கண்ணை மூடிக்கொண்டு அந்த அமைதியையும் கேட்டாள். கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. இணைப்பு தானாக அறுந்தது. அவள் கைப்பேசியைத் துடைத்துப் பலகையில் திரும்ப வைத்தாள்.

"ஏங்க்கா ஒண்ணும் அமுக்கல?" என்று கேட்டான் யுகேந்திரன்.

"அவரக் கேக்குறாங்க தம்பி. நான் எப்படிப் பதில் சொல்றது?"

"அப்ப எதுக்கு எடுக்குறீங்க?"

நல்லம்மாள் விளக்கின் திரியைத் தேவையில்லாமல் தூண்டினாள்.

"பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சதோட அவர் பேரச் சொல்ல ஆள் இல்ல. எல்லாரும் 'அவரு'ங்கிறாங்க. 'எறந்தவரு'ங்கிறாங்க. நானும் முப்பத்தோரு வருசமா அவர் பேரு சொன்னதில்ல. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து வாயில வந்ததில்ல. இது ஒண்ணுதான் சொல்லுது. வாரம் ஒருக்கா."

யுகேந்திரன் சுவரில் சாய்ந்து நின்றான். பதினாறு வாரம். இன்றோடு பதினேழு. ஒரு பெண் தன் புருஷன் பெயரைக் கேட்பதற்காகப் பேசாமல் இருந்தாள். அந்தப் பேசாமையில் இருந்து ஒரு வைத்திய முறை பிறந்து, வட்டாரம் முழுக்கப் பரவி, இப்போது அவன் காலில் வந்து உட்கார்ந்திருந்தது. அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அவன் சொல்லியும் விட்டான்.

நல்லம்மாள் அவன் பாதத்தைப் பார்த்தாள். குனிந்து முகர்ந்து பார்த்தாள். அந்த வாடை அவளுக்குத் தெரியும்.

"அவருக்கும் நாலாம் நாள் இப்படித்தான் இருந்துச்சு," என்றாள். "நாளைக்கு அந்த ஆபீசுக்குப் போவோம்."

*

வாரியம் ஜார்ஜ் டவுனில் ஒன்பதாம் மாடியில் இருந்தது. லிட்டில் இந்தியாவின் துணிக்கடைப் பாட்டு அங்கே வரைக்கும் மெல்லிசாகக் கேட்டது. வரவேற்பறையில் மனிதர்கள் இல்லை. கண்ணாடிப் பெட்டி போல ஓர் இயந்திரம் நின்றது. சுவரில் பெரிய எழுத்தில் 'வலி உங்களுடையது, திருப்தி நம்முடையது' என்று எழுதியிருந்தது. நாற்காலிகளின் கால்களை மட்டும் யாரோ ஒரே உயரத்துக்கு வெட்டியிருக்கவில்லை. ஒவ்வொன்றும் ஒரு பக்கம் ஆடியது.

"நோயாளியின் பெயரைச் சொல்லவும்," என்றது இயந்திரம், நல்லம்மாளைப் பார்த்து.

அவள் வாயைத் திறந்தாள். மூடினாள். பக்கத்தில் இருந்த யுகேந்திரனைக் கையால் காட்டினாள், நீ சொல்லு என்று. அவன் சொன்னான். "உங்கள் குரல் இந்தக் கோப்புக்கு உரியதல்ல. நெருங்கிய உறவினர் சொல்லவும்," என்றது இயந்திரம். நல்லம்மாள் மறுபடி வாயைத் திறந்தாள். தொண்டை வரைக்கும் வந்தது, அதற்கு மேல் வரவில்லை. பத்து வினாடி கழித்து இயந்திரம் "நன்றி" என்று சொல்லி ஒரு சீட்டை நீட்டியது. அதில், 'வரவேற்பறைச் சேவை: மிகத் திருப்தி' என்று இருந்தது.

இயக்குநர் ஏரம்பமூர்த்தி தாமே வெளியே வந்து அவர்களை அழைத்துப் போனார். மூன்று தலைமுறையாக அரசாங்க அலுவலகங்களில் நல்ல பெயர் எடுத்த யாழ்ப்பாணத்துக் குடும்பம். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, நல்லம்மாளை இரு கை கூப்பி வணங்கினார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. நடிப்பு இல்லை.

"அம்மா, முதல்ல உங்களுக்கு வாழ்த்துச் சொல்ல வேணும். உங்கட கணவர் எங்கட வாரியத்தின்ர பெருமை. பதினேழு வாரம், பதினேழு மிகத் திருப்தி. உயிரோட இருக்கிற ஆக்களிட்ட இந்த நிதானம் இல்லை. அவன் இண்டைக்கு ஒண்டு சொல்லுவான், நாளைக்கு வலிச்சால் வேற ஒண்டு சொல்லுவான்."

"அவர் இறந்துட்டாரு ஐயா," என்றாள் நல்லம்மாள்.

"இருக்கலாம். அதைக் கேக்கிறது எங்கட வேலை இல்லை. இறப்பு வேற இலாகா. எங்களுக்கு அது தெரியவும் கூடாது. தெரிஞ்சால் பாரபட்சம் வந்திடும். ஒருத்தர் இறந்திட்டார் எண்டு தெரிஞ்சால் அவற்ற திருப்தியை நாங்கள் சந்தேகப்படுவம். அது அவருக்குச் செய்யிற அநியாயம் இல்லையோ?"

யுகேந்திரன் குறுக்கிட்டான். "சார், அவர் எதையும் அமுக்கலயே. எப்படி மிகத் திருப்தின்னு எழுதுறீங்க?"

"தம்பி, குறை இருக்கிறவன் கத்துவான். கத்தாதவன் திருப்தி. கடைசி வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்து, அப்பவும் கத்தாதவன் மிகத் திருப்தி. இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ரெண்டு வருசம் ஆனது." அவர் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். "உண்மையைச் சொல்லுறன். இந்த மௌனமான ஆக்களை நாங்கள் கழிச்சால் தொண்ணூற்றாறு நாப்பதாக விழும். பிறகு இந்த அலுவலகத்தில ஒருத்தருக்கும் வேலையில திருப்தி இராது."

"ஐயா, நான் மாத்திச் சொல்லணும்," என்றாள் நல்லம்மாள். "அவருக்குத் திருப்தி இல்ல. இந்தத் தம்பிக்கும் அதே வைத்தியம் பாக்குறாங்க. அஞ்சாம் நாள் இன்னிக்கு. காலப் பாருங்க."

ஏரம்பமூர்த்தி காலைப் பார்க்கவில்லை. வருத்தத்தோடு கோப்பைப் புரட்டினார்.

"பதினேழு வாரம் திருப்தியா இருந்தவருக்குத் திடீரெண்டு என்ன நடந்தது? அவற்ற நிலையில ஏதும் மாற்றமோ?"

நல்லம்மாள் யோசித்துப் பார்த்தாள். பொய் சொல்லத் தெரியாதவள். "மாத்தம் ஒண்ணும் இல்ல ஐயா," என்றாள்.

"அப்ப பாருங்கோ," என்று அவர் கோப்பை மூடினார். "எண்டாலும் நாங்கள் கல்நெஞ்சக்காரர் இல்லை. அடுத்த வியாழன் பதினொரு மணிக்கு அழைப்பு வரும். அதில அவர் ஐந்தை அழுத்தினால் முறை நிறுத்தி வைக்கப்படும். வேற வழியில மாத்த ஏலாது. விதி எல்லாருக்கும் ஒண்டு, இருக்கிறவைக்கும் இல்லாதவைக்கும்."

அடுத்த வியாழன் என்றால் பதினொன்றாம் நாள். யுகேந்திரன் அதை மனதுக்குள் எண்ணினான். நல்லம்மாளும் எண்ணினாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

வந்தது வந்தீர்கள், எங்கள் பெருமையையும் பார்த்துவிட்டுப் போங்கள் என்று இயக்குநர் அவர்களைக் கேட்பறைக்குக் கூட்டிப் போனார். அங்கே ஷஹீரா என்ற பெண் காதில் கருவியை மாட்டிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள். அவள் பதவியின் பெயர் மௌனப் பதிவாளர். வியாழக்கிழமை அழைப்புகளில் யாரும் எதையும் அழுத்தாமல் விட்ட பதிவுகளை வெள்ளிக்கிழமை முழுக்கக் கேட்டு, உண்மையிலேயே மௌனம்தானா என்று சான்று எழுதுவது அவள் வேலை. இந்த வாரம் நானூற்றுப் பன்னிரண்டு மௌனங்கள்.

"ஸ்பீக்கரில போடுங்கோ," என்றார் ஏரம்பமூர்த்தி.

ஷஹீரா தயங்கினாள். பிறகு போட்டாள்.

ஒரு வீட்டில் குக்கர் விசில் அடித்தது. இன்னொரு வீட்டில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். ஒன்றில் ஒரு குழந்தை "யாரும்மா, அப்பாவா?" என்று கேட்டது, "பேசாம இரு," என்றது ஒரு பெண் குரல். ஒன்றில் மலாயில் யாரோ மெல்ல ஓதிக்கொண்டிருந்தார்கள். ஒன்றில் எதுவுமே இல்லை, மின்விசிறி மட்டும் சுற்றியது. ஒவ்வொன்றுக்கும் முன்னால் அதே ஆண் குரல் ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டு போனது. இத்தனை பேரையும் வாரா வாரம் ஒரே நேரத்தில் ஒரு குரல் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. செத்துப்போன அவர்களும் வீட்டு வாசலில் வந்து நின்று பதில் சொல்ல முடியாமல் நின்றிருக்கிறார்கள் என்று யுகேந்திரனுக்குத் தோன்றியது.

பிறகு "சுப்பையா" என்று வந்தது. அதற்குப் பின்னால் நல்லம்மாள் நேற்று அழுத சத்தம், மூச்சு விடும் சத்தம்.

"என்ன ஒரு அமைதி," என்றார் இயக்குநர்.

லிஃப்ட் வரைக்கும் வழியனுப்ப ஷஹீரா வந்தாள். இயக்குநர் உள்ளே போனதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"அக்கா, அஞ்சு அமுக்குனா மட்டும் பத்தாது. அதுக்கப்பறம் நோயாளி பேர வாயால சொல்லச் சொல்லும். நீங்க சொல்லணும். சொல்லிட்டீங்கன்னா கேஸ் தகராறு பக்கம் போயிரும். அப்புறம் ஃபோன் கால் வராது. எப்பவும் வராது."

நல்லம்மாள் தலையை ஆட்டினாள்.

"அண்ணே, நீங்க வியாழக்கெழம வரைக்கும் காத்திருக்காதீங்க லா," என்று ஷஹீரா அவன் பக்கம் திரும்பினாள். "நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. குளியலறைல வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லுங்க. வேலைல அடிபட்டவன்னு சொன்னாத்தான் கிளினிக் லெட்டர் எங்கன்னு கேப்பாங்க. குளியலறைன்னா உடனே பாப்பாங்க."

"நான் ஏன் பொய் சொல்லணும்?" என்றான் யுகேந்திரன். அவனுக்குக் கோபம் வந்தது. அந்த வாரத்தில் முதல் தடவையாக வந்தது. "ஒம்பது வருசம் அந்த எடத்துல வேல பாத்துருக்கேன். அந்த வண்டி பிரேக் சரியில்லன்னு நானும் சொன்னேன், அண்ணனும் சொன்னாரு. குளியலறைன்னு எழுதிட்டா அந்த வண்டி என் கால்ல ஏறவே இல்லன்னு ஆயிரும். வியாழக்கெழம அக்கா அஞ்சு அமுக்கட்டும். முறைப்படியே போவோம்."

ஷஹீரா அவனைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை தோறும் நானூறு மௌனங்களைக் கேட்கிறவள். அவனுடையது எப்படி ஒலிக்கும் என்று அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கலாம்.

*

ஆறாம் நாள், ஏழாம் நாள், எட்டாம் நாள். நல்லம்மாள் காலையும் மாலையும் மேலே வந்து கஞ்சி கொடுத்தாள், மஞ்சள் மருந்தைப் போட்டாள். சுப்பையாவுக்கு எந்த நாளில் எது நடந்தது என்று அவளுக்கு ஒன்று விடாமல் ஞாபகம் இருந்தது. அவள் சொல்லவில்லை. ஆனால் எட்டாம் நாள் குளிர்ஜுரம் வருவதற்கு முன்பே கம்பளியை எடுத்து வைத்திருந்தாள். ஒன்பதாம் நாள் அவன் வாந்தி எடுப்பதற்கு முன்பே வாளியைக் கட்டிலுக்குக் கீழே தள்ளி வைத்தாள். யுகேந்திரன் அதைக் கவனித்தான். தனக்கு முன்னால் யாரோ ஒருவர் இந்தக் கட்டிலில் படுத்து எழுந்து போயிருக்கிறார், அவருடைய சூட்டிலேயே தானும் படுத்திருக்கிறோம் என்று அவனுக்குப் பட்டது. பத்தாம் நாள் ஜுர வேகத்தில் "அண்ணே, கொஞ்சம் தள்ளிப் படுங்க" என்று சொன்னான். நல்லம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள்.

அன்று வாரியத்தில் இருந்து யுகேந்திரனுக்குத் தபாலில் ஒரு முன்வாழ்த்து வந்தது. சுப்பையா முறையில் பத்து நாள் நிறைவு செய்தமைக்கு.

பதினொன்றாம் நாள் வியாழக்கிழமை. பத்தே முக்காலுக்கு நல்லம்மாள் சுப்பையாவின் கைப்பேசியைச் சார்ஜரில் இருந்து கழற்றி, யுகேந்திரன் அறைக்குக் கொண்டுவந்தாள். கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் அதை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அவனுக்குக் கண் திறக்க முடியவில்லை. அவள் மடியில் கையை வைத்துக்கொண்டு உதடுகளை அசைத்துப் பார்த்தாள். சத்தம் வரவில்லை.

பதினொன்றுக்கு அது ஒலித்தது.

"வணக்கம், திரு," என்றது பெண் குரல். இடைவெளி. "சுப்பையா."

இதுதான் கடைசி என்று அவளுக்குத் தெரியும். அவள் அந்தப் பெயரை உள்ளே வாங்கிக்கொண்டாள். கேள்வி முடிகிற வரைக்கும் பொறுத்திருந்தாள். ஐந்தை அழுத்தினாள்.

வாரியத்தின் வரலாற்றில் மௌனக் கோப்பு ஒன்றில் ஐந்து அழுத்தப்பட்டது அதுவே முதல் தடவை என்பதால் இயந்திரம் சற்று யோசித்தது. "உங்கள் பதிலை உறுதி செய்ய, நோயாளியின் பெயரைத் தெளிவாகச் சொல்லவும்," என்றது.

நல்லம்மாள் வாயைத் திறந்தாள். பத்து வினாடிதான் என்று அவளுக்கு நினைவிருந்தது. ஐந்து போயிற்று. ஆறு போயிற்று. கட்டிலில் யுகேந்திரன் முனகினான். அதே முனகல், அதே நாள்.

"சுப்பையா," என்றாள்.

முப்பத்தோரு வருடத்தில் முதல் தடவை. குரல் உடைந்து வந்தது, அதனால் இயந்திரத்துக்குப் பிடிபடாமல் போய்விடுமோ என்று பயந்து இன்னொரு தடவை சத்தமாகவே சொன்னாள். "சுப்பையா. என் வீட்டுக்காரர் சுப்பையா. அவருக்குத் திருப்தி இல்ல."

"நன்றி. உங்கள் அதிருப்தி பதிவாகியது. சுப்பையா முறை இந்த நிமிடத்தில் இருந்து நிறுத்தி வைக்கப்படுகிறது. மாற்று முறை அறிவிக்கப்படும் வரை இடது பாதக் காயங்களுக்குச் சிகிச்சை வழங்கப்பட மாட்டாது. இந்த எண்ணுக்கு இனி அழைப்பு வராது."

இணைப்பு அறுந்தது. நல்லம்மாள் கொஞ்ச நேரம் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். பிறகு எழுந்து யுகேந்திரனின் தோளுக்குக் கீழே கையைக் கொடுத்துத் தூக்கி உட்கார வைத்தாள்.

"எந்திரி தம்பி. ஆஸ்பத்திரிக்குப் போவோம். குளியலறைல விழுந்துட்டேன்னு நான் சொல்றேன்."

"வேணாம்க்கா. பொய்யி."

"பொய் என் வாயில இருக்கட்டும். முப்பத்தோரு வருசம் சொல்லாத பேரையே சொல்லிட்டேன். இது என்ன பெருசு."

*

குளியலறையில் வழுக்கி விழுந்தவனை மருத்துவமனையில் உடனே உள்ளே எடுத்துக்கொண்டார்கள். குளியலறையில் விழுந்தவன் காலில் ஃபோர்க்லிஃப்ட் சக்கரத் தடம் எப்படி வந்தது என்று கேட்கிற அளவுக்கு அங்கே யாருக்கும் நேரம் இல்லை. இரண்டு மணி நேரத்தில் அறுவை. பாதம் போயிற்று, கணுக்காலுக்கு மேல் ஒரு சாணும் போயிற்று. உயிர் தங்கியது. ஒரு வாரம் முன்னால் வந்திருந்தால் விரல்களோடு போயிருக்கும் என்றார் அறுவை செய்த பெண் டாக்டர், அவன் முகத்தைப் பார்த்து.

பன்னிரண்டாம் நாள் யுகேந்திரன் கம்பெனி கிளினிக்குக்குத் திரும்பி வரவில்லை. ஆகவே திரையில் குணம் என்று பதிவானது.

ஒரு மாதம் கழித்து இரண்டு கடிதங்கள் வந்தன. முதலாவது, வாரியம் அழைத்துக் கருத்துக் கேட்டபோது அவன் தன் கைப்பேசியில் ஐந்தை அழுத்திப் பெயரையும் சொன்னதற்குப் பதில். குளியலறைக் காயங்கள் வாரியத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டவை அல்ல. ஆகவே அவனுடைய அதிருப்தி தவறுதலாக வந்துசேர்ந்த தபாலாகக் கருதித் திருப்பி அனுப்பப்படுகிறது என்று இருந்தது. அவனுடைய 'ஐந்து' அதே உறையில் ஒரு தனித் தாளில் இணைக்கப்பட்டிருந்தது.

இரண்டாவது, வாரியத்தின் ஆண்டு விழா அழைப்பு. இயக்குநரின் உரைச் சுருக்கமும் அதில் இருந்தது. சில தனிநபர்களின் மனமாற்றம் ஒட்டுமொத்தத் திருப்தியைப் பாதிக்கக் கூடாது என்பதால் முறைகளுக்கு இனி ஆட்களின் பெயர் வைக்கப்படாது. சுப்பையா முறை இனி வடக்கு வட்டார முறை என்று அழைக்கப்படும். விமர்சனத்தை வாரியம் திறந்த மனத்தோடு ஏற்று, இரண்டு தலையணையை மூன்றாக்கியுள்ளது. அழைப்பின் அடியில் உடை விதி அச்சிட்டிருந்தது: இரு கால்களிலும் மூடிய காலணி கட்டாயம்.

யுகேந்திரன் அதை இரண்டு தடவை வாசித்தான். சிரிப்பு வரும் என்று எதிர்பார்த்தான். வரவில்லை. இல்லாத பாதத்தின் விரல்கள் வலித்தன. தினமும் காலை ஒன்பதே காலுக்கு அவை வலிக்கத் தொடங்கும். தொழிற்சாலையில் அந்த மஞ்சள் வண்டி கிளம்பும் நேரம்.

அன்று வியாழக்கிழமை. பதினொரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் அவன் இரண்டு கட்டைகளை ஊன்றிக்கொண்டு மூன்றாம் மாடிக்கு இறங்கினான். அழைப்பு நின்றுபோன வீட்டில் அந்த நேரத்தில் அவள் தனியாக இருக்கக் கூடாது என்று நினைத்தான். கதவு திறந்திருந்தது. நல்லம்மாள் கேண்டீனில் இருந்து வந்து குளித்து, விளக்கேற்றி, படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். பலகையில் கைப்பேசி இல்லை. அது இருந்த இடத்தில் சந்தனக் கிண்ணம் நகர்ந்து வந்திருந்தது.

அவனைப் பார்த்துவிட்டு, உட்காரு என்று கையைக் காட்டினாள். சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்று ஆயிற்று. எதுவும் ஒலிக்கவில்லை.

"சுப்பையா," என்றாள் நல்லம்மாள் படத்தைப் பார்த்து. இப்போது அது தடங்கல் இல்லாமல் வந்தது. "உனக்குப் பாத்த வைத்தியம் உனக்குத் திருப்தியா?"

கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். பத்து வினாடி, இருபது வினாடி. எதிர் அடுக்குமாடியில் யாரோ குழாயைத் திறந்து மூடினார்கள். படம் பதில் சொல்லவில்லை.

அந்த மௌனத்தை அவள் மனதுக்குள் சரியாகவே எழுதிக்கொண்டாள்: ஐந்து.